கறுக்காத தண்ணீர்

வாரத்தில் ஆறு நாள் வெர்ல் டின்ஸ்லி சாதுவான கிழவர். சனிக்கிழமை காலையில் மட்டும் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் மாட்டிக்கொண்டு 'மருந்துப் பாதிரியார்' ஆகிவிடுவார். ட்ரை ஃபோர்க் ஊரில் இதை யாரும் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியவர்களெல்லாம் அதே காலையில் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய உடுப்பில் குன்றுக்குப் பின்னால் கூடி, பழைய துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தத் துப்பாக்கி மன்றத்தில் சேர்ந்தால் பட்டப்பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். லைல் ப்ரூயிட் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அவனுக்கு வைத்த பெயர் 'அரைமணி தாமதம்'. வைத்தவர்கள் அவன் பேருந்தில் போன பிள்ளைகளின் அப்பாக்கள்.

இன்று செவ்வாய்க்கிழமை. வெர்ல் அங்கி இல்லாமல், முழங்கை நைந்த கம்பளிச் சட்டையோடு, தன் கார் ஷெட்டில் தோட்டா செய்யும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்தன.

"நாலு மணிக்கு ஷெரிஃப் வர்றார்," என்றார். "பாய்டு துப்பாக்கி வெடிச்சதுக்கு நான்தான் காரணம், தோட்டாவுல வெடிமருந்தை மாத்திப் போட்டுட்டேன்னு கையெழுத்துப் போடப் போறேன்."

"மாத்திப் போட்டீங்களா?" என்று கேட்டாள் அகஸ்டா க்வில்.

"தெரியலம்மா. அதுதான் தொந்தரவு."

அகஸ்டா சூரியகாந்தி விதை ஒன்றைக் கடித்து, தோலை ஒரு காகிதக் கோப்பையில் துப்பினாள். இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காகத் தீப்பிடித்த வீடுகளையும் காணாமல் போன நகைகளையும் ஆராய்ந்தவள். யார் அழுதாலும் முதலில் அவர்கள் காலணியைத்தான் பார்ப்பாள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். லைல் அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், வேண்டாத நேரத்தில் பேசுபவன்.

சனிக்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். மாடு ஏலம் விடும் பாய்டு ஹான்ரிக், மன்றத்தில் 'மின்னல் விரல்', தன் பழைய ரிவால்வரை உருவி இரண்டாவது முறை சுட்டதும் தோட்டாக்கள் இருக்கும் உருளையின் மேல்பாதி பிய்த்துக்கொண்டு வைக்கோல் கட்டுகளைத் தாண்டிப் பறந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. ஆள்காட்டி விரலின் நுனி தப்பவில்லை.

"பேரை மாத்தணும்," என்றான் லைல். "மின்னல் முக்கால் விரல்னு வைக்கலாம்."

"லைல்."

"சரி தலைவி."

வெர்ல் மேஜைமேல் இருந்த இரண்டு டப்பாக்களைக் காட்டினார். "இது கறுப்பு மருந்து. இது என் வேட்டைத் துப்பாக்கிக்கு, இந்தக் காலத்து மருந்து, புகை வராது. பாய்டோடது அசல் பழசு. அந்தக் காலத்து இரும்பு கறுப்பு மருந்துக்குன்னே செஞ்சது. கறுப்பு மருந்து தள்ளும். புது மருந்து குத்தும். என்னைத் தள்ளினா ரெண்டு அடி நகர்ந்துப்பேன். குத்தினா எழுந்திருக்க மாட்டேன். அதுவும் அப்படித்தான். அதனாலதான் அந்த மாதிரி துப்பாக்கிங்களுக்கெல்லாம் நானே தோட்டா செஞ்சு குடுக்கறேன்."

"ரெண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு."

"முப்பது வருஷமா அங்கதான் இருக்கு. முப்பது வருஷமா என் பொண்டாட்டி ஹாட்டியும் இருந்தா." வெர்ல் டப்பாவின் மூடியைத் தேவையில்லாமல் இறுக்கினார். "வசந்தத்துல அவ போனதுக்கப்புறம் காப்பியில உப்புப் போட்டிருக்கேன். தபால் ஆபீஸ் வாசல்ல வண்டியை ஓடவிட்டுட்டு வீட்டுக்கு நடந்து வந்திருக்கேன். எல்லாரும் பாத்தாங்க. என் பொண்ணு ஷெல்பி டென்வர்லேர்ந்து வந்து உள்ள என் துணியெல்லாம் அடுக்கிட்டிருக்கா. அங்க ஒரு முதியோர் இல்லம் இருக்காம். நல்லா பாத்துப்பாங்களாம். சாயங்காலம் எண் விளையாட்டு உண்டாம்."

அவர் அகஸ்டாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைக் காப்பாத்தச் சொல்லல. நான் செஞ்சேனா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. செஞ்சிருந்தா என் பொண்ணு சொல்றது சரி. என் மூளையை இனிமே வேற யாராவதுதான் பாத்துக்கணும்."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் லைல் மேஜையிலிருந்த திருகாணிகளைப் பெரியது சிறியது என்று பிரித்து வைத்தான்.

"உடைஞ்ச துப்பாக்கி எங்க?" என்றாள் அகஸ்டா.

"மிச்சம் இருந்ததை அப்படியே துணியில சுத்தி, பையில போட்டு முத்திரை வச்சு, ஷயான்ல இருக்கற பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிட்டார் ஷெரிஃப்," என்றான் லைல். "பதில் வர்றதுக்குள்ள பாய்டுக்கு விரல் முளைச்சிடும்."

"அப்ப நம்மகிட்ட என்ன இருக்கு?"

"நாத்தம் இருக்கு."

உண்மைதான். ஷெட்டுக்குள் அழுகிய முட்டை வாடை வீசியது. அகஸ்டா மூக்கு போன திசையில் நடந்தாள். சுவரோரமாகப் பிளாஸ்டிக் ஜாடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டப்பெயர்.

"சோப்புத் தண்ணி ஜாடிங்க," என்றார் வெர்ல். "கறுப்பு மருந்து சுட்டா தோட்டாவோட காலி உறையை அங்கயே தண்ணில போட்டுடணும். இல்லேன்னா ஒரே நாள்ல பித்தளையை அரிச்சிடும். அப்புறம் நான் எல்லாத்தையும் கழுவி மறுபடி மருந்து போட்டுக் குடுப்பேன். இந்தத் தடவை தொடவே மனசு வரல."

ஒவ்வொரு ஜாடியிலும் தண்ணீர் மைக்கூடு போல் கறுத்திருந்தது. அகஸ்டா குனிந்து பார்த்துக்கொண்டே போய், கடைசிக்கு முந்தைய ஜாடியில் நின்றாள். வெளிறிய சோப்புத் தண்ணீர். மேலே நுரையின் மிச்சம். 'மின்னல் விரல்' என்று எழுதியிருந்தது.

"அதுல ஒண்ணும் இருக்காது," என்றார் வெர்ல். "அவன் முதல் சுற்றுலயே அடிபட்டுட்டான்."

"இருக்கு," என்றான் லைல். "நான்தான் போட்டேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"சுட்டு முடிச்சவங்க துப்பாக்கியைக் காலி பண்ற மேஜையில அன்னைக்கு நான்தான். வெடிச்சதும் எல்லாரும் பாய்டுகிட்ட ஓடினாங்க. துப்பாக்கி கீழ கிடந்தது. எடுத்து மேஜையில வச்சேன். ஓரத்துல நசுங்கின காலி உறை ஒண்ணு ஒட்டிட்டிருந்தது. பிடுங்கி ஜாடில போட்டுட்டேன். யோசிச்சுச் செய்யல. கை தானாப் போச்சு. ஓய்வு பெத்த மறுநாள் காலையில என் கார் பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னுதே, அந்த மாதிரி."

அகஸ்டா ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினாள். உறை வந்தது. ஒருபக்கம் நசுங்கியிருந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தது. கழுவிக் கவிழ்த்த பித்தளை டம்ளர் போல மஞ்சளாக மின்னியது. வெர்ல் பக்கத்து ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதன் உட்புறம் பழைய அடுப்புக்குழாய் மாதிரி இருந்தது.

"அப்ப இது புகையில்லா மருந்துதான்," என்று வெர்ல் மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "தெரிஞ்சுபோச்சு. மாத்தித்தான் போட்டிருக்கேன்."

"கொஞ்சம் இருங்க. உங்க தோட்டாவை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?"

"அடியில பூச்சு இருக்கும். ஹாட்டி ஊதா நகப்பூச்சுதான் வாங்குவா. ஒரு டிராயர் நிறைய விட்டுட்டுப் போயிருக்கா. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அடியில ஒரு சொட்டு வைப்பேன், உறை என்கிட்டயே திரும்பி வரணும்னு."

அகஸ்டா உறையைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் வெறும் பித்தளை.

"முடிஞ்சது," என்றான் லைல். "உங்களுது இல்ல."

"என்ன முடிஞ்சது?" வெர்லின் குரலில் கோபம் இல்லை. "மருந்தையே மாத்தினவன் பூச்சை மறந்திருக்க மாட்டானா?"

வீட்டுக்குள் போகும் கதவு திறந்தது. ஷெல்பி, கையில் மடித்த கம்பளிச் சட்டைகளோடு நின்றாள்.

"அப்பா, இந்தப் பச்சை வேணுமா?" என்றவள், அகஸ்டாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க. அவருக்கு வீணா ஆசை காட்டாதீங்க. ஞாயித்துக்கிழமைலேர்ந்து அவர் தூங்கவே இல்ல."

"ஆசை காட்டற வழக்கம் எனக்கு இல்லம்மா," என்றாள் அகஸ்டா. ஜாடியைத் தூக்கி லைல் கையில் கொடுத்தாள். "வெர்ல், நாலு மணிக்குள்ள வந்துடறோம். அதுவரைக்கும் பேனாவைத் தொடாதீங்க."

அகஸ்டாவின் வண்டி ஹான்ரிக் பண்ணைச் சாலையில் திரும்பியது. காற்று பக்கவாட்டில் தள்ளியது. ஜாடி லைலின் மடியில் குலுங்கிக் கால்சட்டையை நனைத்தது. ஓட்டுவது அகஸ்டா. யோசிக்க வேண்டியிருந்தால் அவளே ஓட்டுவாள். லைல் ஓட்டினால் பள்ளிப் பேருந்துப் பழக்கத்தில் எல்லா ரயில்வே கடவிலும் நின்று கதவைத் திறந்து பார்ப்பான்.

"பாய்டு ஏமாத்தறாரா?" என்றாள். "புகையில்லேன்னா தகடு நல்லாத் தெரியும். வேகமாச் சுடலாம். ஜெயிக்கலாம்."

"அவன் சுடறது கறுப்பு மருந்துப் பிரிவுல, தலைவி. அங்க புகை வரலேன்னா அந்த இடத்துலயே சிரிச்சுக் கொன்னுடுவோம். ஒருத்தன் ரெண்டு தடவை சுட்டா அவனே காணாமப் போயிடுவான். காத்து அடிச்சாத்தான் ஆள் இருக்கானான்னு தெரியும்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை என்ன?"

"பாய்டு முதல் குண்டு சுட்டப்ப நீ என்ன பாத்த?"

"என்ன பாத்தேன், அவன் மூஞ்சியைத்தான்..." லைல் நிறுத்தினான்.

அகஸ்டா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"அவன் மூஞ்சி தெரிஞ்சுது," என்றான் லைல். "பத்து வருஷமா அவன் சுடறப்ப மூஞ்சியை நான் பாத்ததே இல்ல. அன்னைக்குத் தெரிஞ்சுது. புருவம் ரெண்டும் தொப்பிக்குள்ள போயிருந்தது. படிக்கட்டுல இல்லாத படியை மிதிச்சவன் மாதிரி."

"அவருக்கே ஆச்சரியம்."

"ஆமா. ஆனா கை பழக்கத்துல ரெண்டாவதையும் சுட்டுட்டது."

"அப்ப ஏமாத்தல. அவருக்கே தெரியாம யாரோ தோட்டாவை மாத்தியிருக்காங்க." அகஸ்டா விதைப் பொட்டலத்தைத் துழாவினாள். "நூத்தி நாப்பது வருஷத்து இரும்பை முகத்துக்கு நேரா வச்சு சுடறீங்க. உங்க வீட்டுல எல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

லைல் சிரித்தான். "அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு. மன்றத்துல எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு. பொண்டாட்டிங்க முன்னாடி எந்தத் துப்பாக்கியும் அசல் கிடையாது. எல்லாம் இத்தாலியில புதுசாச் செஞ்ச நகல். எவன் வீட்டுக்கு எவன் சாப்பிடப் போனாலும், 'இத்தாலிக்காரன் என்னமா செஞ்சிருக்கான் பாருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் உக்காரணும். எங்க ஊரு சர்ச்சுப் பாதிரியார்கூட சொல்லுவார்."

"உன் வீட்டுலயும் அப்படித்தானா?"

"என் பொண்டாட்டி நடீனே எங்ககூட சுட்டவ. அவகிட்ட அந்தக் கதை எடுபடாது. அவளுக்குப் பேரு 'சிரிக்கும் விதவை'. நீ முந்திக்கோ, நான் பேருக்கு ஏத்த மாதிரி வாழணும்னு சொல்லிட்டே இருப்பா." லைல் ஜாடியின் மூடியைச் சரியாக்கினான். பேரை அவள் வைத்துக்கொண்டாள், மற்றதை அவனிடம் விட்டுவிட்டுப் போனாள். அவள் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

அகஸ்டா சற்று தூரம் போனதும் கேட்டாள்:

"எல்லாருமா இத்தாலின்னு சொல்றீங்க? ஒருத்தர் விடாமயா?"

"ஒருத்தர் விடாம."

அவள் விதைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு வேகத்தைக் கூட்டினாள்.

பாய்டு ஹான்ரிக் சாய்வு நாற்காலியில் ராஜாவைப் போலக் கிடந்தார். கட்டுப் போட்ட வலது கை தலையணைமேல், இடது கை ஆப்பிள் பை பலகாரத் தட்டின்மேல். ஊர்ப் பெண்கள் அனுப்பிய உணவுப் பாத்திரங்கள் சமையலறை மேடையில் இடம் போதாமல் தரையிலும் இருந்தன. அவர் மனைவி மாவிஸ், ஒல்லியான, சத்தமில்லாமல் நடக்கும் பெண், காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்க வாங்க," என்றார் பாய்டு. ஏலக்காரர் மூச்சு விடுவதற்கு நிறுத்துவதில்லை. "வெர்ல் அனுப்பினானா? பாவம்தான், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல, ஆனா ஒரு மனுஷனுக்கு மூளை போச்சுன்னா போச்சுன்னு ஒத்துக்கணும், நான் எத்தனை தடவை சொன்னேன், வெர்ல் நீ ஓய்வெடுன்னு, இப்ப பாருங்க, ஏலத்துல விரலைத் தூக்கிக் காட்டறதுக்குக்கூட..." இருமல் வந்து பேச்சை வெட்டியது. நீண்ட, ஈரமான இருமல். தட்டு மடியில் ஆடியது.

இருமல் முடியும்வரை அகஸ்டா பாய்டைப் பார்க்கவில்லை. மாவிஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நாளா இருக்கா இந்த இருமல்?"

"புகை," என்றார் பாய்டு. "சனிக்கிழமை பூரா புகை. ஆம்பளைன்னா கொஞ்சம் புகை தாங்கணும்."

"இருக்கட்டும். உங்க இடுப்பு வார்ல தோட்டாவைச் சொருகறது யாரு?"

"மாவிஸ்தான். வெள்ளிக்கிழமை தோறும். வெர்ல் பெட்டியிலேர்ந்து எடுத்து அழகா அடுக்கி வச்சிடுவா. என் விரலு தடியாச்சே." தன் கட்டைப் பார்த்தார். "தடியா இருந்துது."

லைல் ஜாடியை மேஜைமேல், காப்பிக்குப் பக்கத்தில் வைத்தான். வெளிறிய தண்ணீர் ஆடி அடங்கியது. அகஸ்டா நசுங்கின உறையைத் ஜாடியின் பக்கத்தில் நிறுத்தினாள்.

மாவிஸ் காயக் கட்டைப் பிரிப்பது போல் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். மடித்தாள். அதற்கப்புறம் பேசினாள்.

"ராத்திரி பூரா இருமறார். டாக்டர் புகையே ஆகாதுன்னுட்டார். இவர்கிட்ட சொன்னா, சனிக்கிழமையை விடச் சொல்றியா, அதுக்கு உயிரை விடறேங்கறார். போன வாரம் காஸ்பர் டவுனுக்குப் போனப்ப ஒரு கடைக்குப் போனேன். புகை வராத தோட்டா வேணும்னேன். ஒரு பெட்டி குடுத்தார். மேல குதிரைக்காரன் படம் போட்டிருந்தது. மெதுவானதுன்னும் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை அதைத்தான் வார்ல சொருகினேன்."

"மாவிஸ்," என்றார் பாய்டு. "நீயா?"

"வெர்ல் குடுத்ததை என்ன செஞ்சீங்க?" என்றாள் அகஸ்டா.

"குளிர்பெட்டியில, கடமான் கறிக்கு அடியில வச்சிருக்கேன்."

"மூணு நாளா வெர்ல் பழி சுமக்கறார்."

"தெரியும்." மாவிஸின் குரல் உடையவில்லை, மெலிந்தது. "ஆனா எனக்கு ஒண்ணும் புரியல. நான் பத்திரமானதைத்தானே போட்டேன்? அப்புறம் ஏன் வெடிச்சுது? சொன்னா, புருஷன் விரலை நான்தான் எடுத்தேன்னு ஆகும். சொல்லலேன்னா வெர்ல். ஒவ்வொரு தடவை வாசல்ல யாராவது சாப்பாட்டோட வந்து நிக்கறப்பவும் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். நன்றிதான் வந்தது."

"பத்திரம்னு யார் சொன்னாங்க?"

"கடைக்காரர். நல்ல மனுஷர். பெட்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டார். துப்பாக்கி அந்தக் காலத்து அசலா, இந்தக் காலத்து நகலான்னு. நகல்னா இதைத் தாராளமாப் போடலாம். அசலா இருந்தா இதைக் கிட்டயே கொண்டு போகாதீங்க, படத்தைப் பாத்து ஏமாறாதீங்கன்னார். ரெண்டு தடவை சொன்னார். நான் நகல்தான், இத்தாலியில செஞ்சதுன்னு..."

மாவிஸ் பேச்சை நிறுத்தினாள். அகஸ்டா அவளைப் பார்க்காமல் சாய்வு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைல் வீட்டுக் கூரையில் ஏதோ முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தான்.

அரைமணி நேரம் மூச்சு விடாமல் ஏலம் கூவக்கூடியவர் பாய்டு. இப்போது வாய் திறந்திருந்தது. ஏலம் நின்றிருந்தது.

"பாய்டு," என்றாள் மாவிஸ். "அது இத்தாலிதானே?"

"மாவிஸ், சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எந்த வருஷத்தது?"

"இனிமே துப்பாக்கியே வாங்கறதில்லன்னு உனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன் பாரு, அதனால..."

"எந்த வருஷம்?"

"ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்து மூணு."

மாவிஸ் குனிந்து அவர் மடியிலிருந்த தட்டை எடுத்தாள். எறிவாள் என்று லைல் எதிர்பார்த்து நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். அவள் எறியவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் உங்க வார்ல ஒவ்வொண்ணாச் சொருகினேன்," என்றாள். "சொருகறப்ப, இனிமே நல்லாத் தூங்குவார்னு நினைச்சுட்டே சொருகினேன். ஒரு வார்த்தை நிஜம் சொல்லியிருந்தீங்கன்னா அந்தப் பெட்டியை நான் தொட்டிருப்பேனா?"

பாய்டு கட்டுப் போட்ட கையையே பார்த்தார்.

அவள் லைல் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும், மாவிஸ்."

"நடீனுக்கும் தெரிஞ்சிருக்கும். அவகூட எனக்குச் சொல்லல. இனிமே அவளைக் கேக்கவும் முடியாது."

"நான் தினம் ஏதாவது கேட்டுப் பாக்கறேன்," என்றான் லைல். "பதில் வரல."

மாவிஸ் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். குளிர்பெட்டி திறக்கும் சத்தமும், உறைந்த கறிப் பொட்டலங்கள் தரையில் விழும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது மர டப்பா ஒன்று கையில் இருந்தது. மூடியில் பனி பூத்திருந்தது. அகஸ்டா திறந்தாள். எல்லாத் தோட்டாக்களும் தலைகீழாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொட்டு ஊதா.

"நானும் வர்றேன்," என்றாள் மாவிஸ். கோட்டை எடுத்துக்கொண்டாள். "வெர்ல்கிட்ட நானே சொல்லணும்."

"என் மருந்து வேளை?" என்றார் பாய்டு.

"இடது கை நல்லாத்தானே இருக்கு."

ஷெரிஃப் ஹோம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டில் நின்றிருந்தார். காகிதம் மேஜைமேல் இருந்தது. பேனா அதன்மேல் இருந்தது. வெர்ல் அதைத் தொட்டிருக்கவில்லை.

மாவிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் நின்ற ஷெல்பியும் கேட்டாள். சொல்லி முடித்ததும் வெர்ல் மர டப்பாவை இழுத்து, பனி ஈரத்தைத் தன் கம்பளிச் சட்டையால் துடைத்தார். ஒரு தோட்டாவை எடுத்து, அதைப் பிரிக்கும் சின்ன மரச்சுத்திக்குள் பொருத்தி, தட்டினார். ஈயக்குண்டு கழன்றது. மருந்தை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினார். கரிக் குறுணைகள். முகர்ந்தார். அடுத்ததை எடுத்தார்.

"ஒண்ணு போதாதா?" என்றான் லைல்.

வெர்ல் மூன்றாவதைத் தட்டினார். நான்காவதையும். ஷெரிஃப் கடிகாரத்தைப் பார்த்தார். அகஸ்டா அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். டப்பா காலியாகும்வரை ஷெட்டில் அந்தச் சுத்தியின் சத்தம் மட்டும்தான். தட்டில் சின்னக் கரிக்குவியல் சேர்ந்தது. ஒரே கறுப்பு.

"சரியாத்தான் போட்டிருக்கேன்," என்றார் வெர்ல். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் புருவத்தில் கரி ஒட்டியது. "எல்லாத்துலயும்." பிறகு கையை நீட்டினார். "பேனா குடுங்க."

"எதுக்கு?" என்றார் ஷெரிஃப். "நீங்கதான் எதுவும் செய்யலையே."

"செஞ்சேன். போன வருஷம் மாவிஸ் இதோ இங்க நின்னு கேட்டா, இது இத்தாலி துப்பாக்கிதானேன்னு. அசல்னு எனக்குத் தெரியும். அருமையான வேலைப்பாடும்மான்னு சொல்லித் தப்பிச்சேன். அதை எழுதிக்கோங்க."

"அது குற்றத்துல சேராது வெர்ல். சேர்த்தா பாதி ஊரை உள்ள போடணும்." ஷெரிஃப் தொப்பியைச் சுழற்றினார். "என் பீரோலயும் ஒரு இத்தாலி நகல் இருக்கு."

"எந்த வருஷம்?" என்றாள் மாவிஸ்.

"தொண்ணூத்தி ஒண்ணு."

"எந்த நூற்றாண்டுத் தொண்ணூத்தி ஒண்ணு?"

ஷெரிஃப் தொப்பியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "வீட்டுல நானே சொல்லிக்கறேன். யாரும் முந்திக்காதீங்க."

அவர் வண்டி கிளம்பும்வரை ஷெல்பி அசையாமல் நின்றாள். பிறகு ஷெட்டுக்குள் இறங்கி வந்தாள்.

"அப்பா. எங்க வீட்டுல என் புருஷன் மார்வின்கிட்ட ஒரு துப்பாக்கி இருக்கு. கிறிஸ்துமஸுக்கு வாங்கினான். இத்தாலின்னுதான் சொன்னான்."

வெர்ல் திரும்பினார். "என்ன தோட்டா போடறான்?"

"கடையில வாங்கறது." அவள் தயங்கினாள். "பெட்டி மேல குதிரைக்காரன் படம்."

"போன் போடு."

போட்டாள். வெர்ல் வாங்கிக்கொண்டார்.

"மார்வின், நான்தான். அந்தத் துப்பாக்கியை எடு. காலியா இருக்கான்னு முதல்ல பாரு. பாத்துட்டியா? மறுபடி பாரு. இப்ப கீழ்ப்பக்கம், விசைக்கு முன்னாடி, நம்பர் இருக்கும். படி. வேகமாப் படிக்காத, இது ஏலம் இல்ல." கண்ணை மூடிக் கேட்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "சரி. அது ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்து அஞ்சாம் வருஷம், பனிக்காலத்துக்கு முந்தி செஞ்சது. பிடியில இடதுபக்கம் ஒரு சின்ன வட்டமும் அதுக்குள்ள ஒரு எழுத்தும் இருக்கும், பாரு. இருக்கா? இருக்கும். அந்தப் பெட்டியைத் தூரப் போடு. கறுப்பு மருந்தைத் தவிர எதுவும் அதுக்குள்ள போகக்கூடாது. அதுவும் நான் பாத்ததுக்கப்புறம்தான். ஷெல்பியா? இங்கதான் இருக்கா. ஆமா, தெரிஞ்சுபோச்சு. அதை நீ அவகிட்டயே பேசிக்கோ."

லைல் அகஸ்டாவிடமிருந்து கொஞ்சம் விதை கேட்டு வாங்கினான். அவள் கணக்குப் பார்க்காமல் கொட்டினாள். ஷெல்பி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனிலிருந்து கசிந்த அந்த எண்ணை அவள் ஒருமுறை கேட்டு அதற்குள் மறந்துவிட்டிருந்தாள்.

அந்தப் பக்கம் மார்வின் ஏதோ கேட்டான்போலும்.

"இல்ல," என்றார் வெர்ல். "நான் அங்க வரல. நீ இங்க கொண்டு வா."